சம்பளம் என்னங்கய்யா?

கல்லூரி வாத்தியார் வேலை தேடிப் போகிறவன் உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சம்பளத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கக்கூடாது. அந்த நாளில் சான்றிதழ்ப் பையோடு பஸ் ஏறியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. எங்கள் தெருவிலேயே முதல் எம்.ஏ. நடவுக்கும் அறுப்புக்கும் போய் அம்மா படிக்கவைத்தாள்.

கூலிக் கோட்பாடு

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கல்லூரி. கூலி எப்படி நிர்ணயமாகிறது என்று செயலாளர் கேட்டார். அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். நேர்காணல் குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் ஏகப்பட்ட மகிழ்ச்சி. "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள்.

"சம்பளம் எவ்வளவுங்க?"

மேசைக்கடியில் முதல்வர் என் காலை மிதித்தார். ஆனால் நான் கேட்டு முடித்திருந்தேன். செயலாளர் என் சான்றிதழ்களை நிதானமாக அடுக்கி என் பக்கம் தள்ளினார். "கூலியைப் பத்தி இவ்வளவு படிச்ச ஆளு, அதைக் கேக்கக்கூடாதுன்னு மட்டும் படிக்கலையே தம்பி!"

சுற்றி வளைத்து

திருப்பனந்தாள் பக்கம் இன்னொரு கல்லூரிக்குப் போனபோது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. வாடகை தெரிந்தால் சம்பளத்தை ஊகித்துவிடலாமே? "இங்க வாத்தியாருங்க என்ன வாடகையில குடியிருக்காங்க?" என்று கேட்டேன். கல்லூரிக் குழுத் தலைவர் முகம் மலர்ந்தது. நேர்காணலை அப்படியே விட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஓட்டு வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். கிணற்றில் அவரே இறைத்துக் குடிக்கக் கொடுத்தார். நல்ல தண்ணீர்தான். நாங்கள் திரும்புவதற்குள் மற்றவர்கள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். தலைவருக்கு உண்மையிலேயே வருத்தம். "எங்கயாவது வேலை கெடச்சதும் சொல்லுங்க, அதுவரைக்கும் வீட்டை யாருக்கும் விடமாட்டேன்."

வாசலில்

மூன்றாவது, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். நில உச்சவரம்புச் சட்டம் வந்த கையோடு நிலத்தையெல்லாம் அறக்கட்டளைக்கு எழுதிவைத்து, அதில் கல்லூரியும் தொடங்கியிருந்தார் மிராசுதார். நேர்காணல் அவர் வீட்டுக் கூடத்தில். அதே நேரம் வாசலில் அறுப்புக் கூலியைக் கூட்டித் தரச் சொல்லி சிவப்புக் கொடியோடு ஆட்கள். முன்வரிசையில் அம்மா.

"கல்வி ஒரு தொண்டு" என்று அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, சம்பளம் என்ற சொல்லையே எடுக்காமல் வேலையை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் வெளியே வந்தேன். வாசலில் பேச்சு முடிந்தது. கூலியில் அரை மரக்கால் நெல் கூடியது. எல்லோரும் கலைந்தார்கள். அம்மா நகரவில்லை.

"எம் புள்ளைக்குச் சம்பளம் என்னங்கய்யா?"

வேண்டாம் என்று அம்மாவுக்குக் கையைக் காட்டினேன். அவரோ பேரம் பேசிய வேகத்திலேயே, "இருநூறு" என்றார்.

"கட்டாதுங்கய்யா. எம்.ஏ. படிச்ச புள்ள."

"இருநூத்திப் பத்து."

"முப்பதாக்கிருங்க."

"சரி, போ!"

சொன்ன பிறகுதான் யாருடைய சம்பளம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் வாசலில் சொன்ன வாக்கு. மாற்றவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று, நூற்றெண்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த ஆங்கில வாத்தியார் என்னை ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு சொன்னார்: "சார், அம்மாவை ஒரு நாள் காலேஜ் பக்கம் கூட்டிட்டு வாங்களேன்."

அதற்கப்புறமும் எத்தனையோ விண்ணப்பம் போட்டுவிட்டேன், ஒன்றிலாவது தகுதி என்ற கட்டத்தில் அம்மாவைக் குறிப்பிட இடம் விட்டிருக்க வேண்டுமே!