ஷீனாவின் கை நடுக்கம்

ராஜபாளையத்தில் நின்றுகொண்டே, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் புறா எந்தக் கண்ணை மூடித் தூங்குகிறது என்று காட்டிவிடும் ஷீனாவின் ஜூம் லென்ஸ். பொய்தான். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடக்கிறது. புறா என்ன, கோபுரமே தூசிக்குள் நட்ட குச்சியாகத்தான் தெரியும். ஆனால் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் அந்த லென்ஸின் கனம் பிடிபடும். கேமராவோடு சேர்த்தால் இரண்டரைக் கிலோ. விடியுமுன் மணப்பெண் அலங்காரத்துக்குத் தோளில் ஏறினால், பந்தியில் கடைசி இலை எடுக்கும்வரை இறங்காது.

ஷீனாவுக்கு நாற்பத்தாறு வயது. சேத்தூர், தளவாய்புரம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பதினெட்டு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறாள். லென்ஸை அவள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சுக்குப் புதிதாக வந்த போதகர், ஆராதனை நடக்கும்போது படக்காரர் யாரும் மூன்றாவது தூணைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் படக்காரர்கள் பலிபீடத்தில் ஏறி, போதகரையே "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவரும் எவ்வளவுதான் பொறுப்பார்? அன்றிலிருந்து தாலி கட்டுவதைத் தூரத்திலிருந்து இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

போன மாதம் எடுத்த தாலிப் படம் ஆடிவிட்டது. பெண்ணின் தாயார் ஆல்பத்தைத் தள்ளி வைத்துப் பார்த்து, கிட்ட வைத்துப் பார்த்து, "கண்ணாடி போடாமப் பாக்கது மாதிரியே இருக்கே தாயி" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருக்கும்.

ஷீனா தன் கையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அவள் அப்பா ஞானரத்தினம் வாத்தியாருக்கு நாற்பத்தெட்டில் கை நடுங்கத் தொடங்கியது. கரும்பலகையில் அவர் போட்ட நேர்கோடு மேற்கு மலை மாதிரி ஏறி இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஐம்பதில் வேலையை விட்டு வந்துவிட்டார். ஷீனாவுக்கு இந்தக் கையைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது.

ராஜபாளையத்தில் கேமரா பழுது பார்க்கிற தனுஷ்கோடி, லென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லென்ஸ்ல ஒண்ணுமில்லக்கா. அம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டு ஷட்டர் வேகத்தை அறுபதுல வச்சா எந்தக் கை எடுத்தாலும் ஆடும். இருநூத்தம்பதுக்கு மேல வைங்க. இருட்டுன்னா ஐஎஸ்ஓவை ஏத்துங்க, படத்துல புள்ளி விழுந்தா விழட்டும்" என்றான்.

ஷீனாவுக்கு மனசு ஆறவில்லை. வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் மறையும், போய்விடுமா? கையைச் சோதித்தே தீர வேண்டும் என்று கிளம்பினாள். சர்ச்சுக்குள் இருக்கிற மாதிரி மங்கல் வெளிச்சம் சாயங்காலம் மொட்டை மாடியில் கிடைக்கும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மூன்று தெரு தள்ளித் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த போன் நம்பரை எடுப்பாள். டைமர் வைக்க மாட்டாள். அப்புறம் விரலுக்குச் சோதனை ஏது? தினமும் எட்டெல்லாம் மூன்றாக வந்தது, மூன்றெல்லாம் புழுவாக வந்தது. ஸ்டாண்டில் நின்றும் ஆடுகிறதே, விரல் பட்டே இந்தக் கதி என்று படுத்துக்கொள்வாள். தூக்கம்தான் வராது.

கணவன் பெனின் தினம் தைலம் தேய்த்துவிட்டான். அடுத்த கல்யாணத்தைத் தேவதானத்தில் படம் எடுக்கும் வின்சிக்குக் கொடுத்துவிடுவதாக ஷீனா சொன்னபோது, "ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னான்.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். வின்சி லென்ஸை இரவல் வாங்கிப்போக ஏழு மணிக்கு வருவதாக இருந்தாள். மலைக்காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து, அவர்கள் குடியிருக்கும் சத்திரப்பட்டி முழுக்கக் கரண்ட் போயிற்று. ஷீனா கடைசியாக ஒரு தடவை பட்டனை அழுத்தினாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பத்து எண்ணும் வெட்டி வைத்தது போல நின்றன.

"ஏங்க, இங்க வாங்க!"

கொடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்த பெனின் ஓடி வந்து பார்த்தான். "பாத்தியா ஏட்டி, தைலம் வேலை செஞ்சிருச்சு!"

கீழ்வீட்டுக் கருத்தையா அண்ணாச்சி காற்று வாங்க மாடிக்கு வந்திருந்தார். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி எட்டு, அவருக்குக் கீழ்த்தளத்தில் ஓடுகின்றன.

"என்ன தைலம் தம்பி? தறி நின்னு போச்சுல்லா. எட்டும் ஓடுனா கட்டடமே குதிக்கும். புதுசா வாரவன் செம்புத் தண்ணில ஏன் அலையடிக்குன்னு கேப்பான். ஒங்களுக்குப் பழகிப் போச்சு."

பதினாறு வருஷமாகத் தறிக்கு மேலேயே குடியிருக்கிறாள். அது அவளுக்குக் கேட்பதுமில்லை, ஆடுவதுமில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஷீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதத் தூக்கமும் சேர்ந்து அப்போதுதான் கண்ணைச் சொருகியது. செத்த நேரத்தில் கரண்ட் வந்தது. ஸ்டாண்டின் காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பூனை வயிறு மாதிரி உள்ளே கிர்ரென்றது. கையை எடுக்காமலே வின்சிக்குப் போன் போட்டாள்.

"நீ வர வேண்டாம்மா. நானே போறேன்."

மறுநாள் சர்ச்சில் மூன்றாவது தூணில் முதுகைச் சாய்த்தாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். ஷட்டர் முந்நூற்றிருபது. ஸ்டாண்ட் இல்லை. விடியற்காலையிலிருந்து நின்றதில் கெண்டைக்கால் கல்லாகியிருந்தது. கனம் கழுத்தைக் கீழே இழுத்தது. போதகர் ஜெபத்தை முடிக்கிற வழியாக இல்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனை மெல்ல அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டாள். கேமரா படபடவென்று அள்ளியது.

எல்லாம் முடிந்து கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தாள். பெண்ணின் அத்தை பக்கத்தில் வந்து, "தாலி கட்டுனது நல்லா விழுந்துச்சாம்மா? நீ எம்புட்டுத் தூரத்துல நின்ன!" என்று கேட்டாள்.

"இருவது படம் எடுத்தேன்க்கா" என்றாள் ஷீனா, கண்ணைத் திறக்காமலே. "ஒண்ணுகூட ஆடலை. கை கல்லு மாதிரி நின்னுச்சு."

துணைக்கு வந்து, பக்கத்தில் கேமராவை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த பெனின் நிமிரவில்லை.

"ஏழு ஆடியிருக்கு. முடிச்சுப் போட்டது ஆடலை."