சால்வை போர்த்திய பிறகு கேஸ் போடலாமா

நடந்தது இவ்வளவுதான்:

1. சுவீடனில் எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். வோர்ட்சென்ட்ரால் என்பார்கள் இங்கே.
2. ஊசி நரம்பில் பட்டுக் கட்டைவிரல் மரத்துப்போனது.
3. செவிலி ‘ஃபெர்லோத்’ என்றார். மன்னியுங்கள் என்று பொருள்.
4. நடந்ததை என் கண்ணெதிரே கணினியில் பதிந்தார்.
5. விரல் சரியாகாவிட்டால் எங்கே இழப்பீடு கேட்பது என்று ஒரு தாளைக் கொடுத்தார்.
6. நான் பயந்துபோய், உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என்மேல் குறை உண்டா என்று நான் கேட்கவே இல்லையே, விரல் எப்படி இருக்கிறது என்றுதானே கேட்டேன் என்றார். விரல் சரியாகிவிட்டது. ஆறாவது வரி மட்டும் மனதில் நின்றுவிட்டது. அடிபட்டவுடன் அடித்தவரைச் சமாதானப்படுத்தும் இந்தப் பழக்கத்தை நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன்.

என் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அத்தனை மெஷின் இரைச்சலிலும் கடைசி வரிசைப் பெண்ணுக்குக் கேட்கும்படி கத்துவதுதான் அவள் வேலை. தைராய்டு கட்டிக்காக ஆவடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டாள். நான் விடுப்பில் போய்க் கூட இருந்தேன். மயக்கம் தெளிந்து பேசியபோது காற்று மட்டும் வந்தது. உள்ளே வீக்கம், போகப் போகச் சரியாகும் என்றார் சர்ஜன். தொண்டைக்குள் கேமரா விட்டு யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டருக்கு மரியாதை செய்வார்கள். திருவேற்காட்டிலிருக்கும் தாய்மாமா ஆபரேஷனுக்கு முன்பே சால்வையும் பழத்தட்டும் வாங்கி வைத்துவிட்டார். வாங்கிய சால்வையைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. மாமா போர்த்தினார். அம்மா பேச முடியாமல் கும்பிட்டாள். ரிசப்ஷன் பெண் படம் எடுத்தாள். அதில் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

நான் இங்கே திரும்பி வந்தேன். குரல் வரவில்லை. கம்பெனியில் அம்மாவை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள், பிறகு வர வேண்டாம் என்றார்கள். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் முதன்முதலில் உள்ளே பார்த்தார். இடப்பக்கக் குரல் நாண் அசையவில்லை, நரம்பு அடிபட்டிருக்கிறது, முன்னாலேயே பார்த்துக் குரல் பயிற்சி தொடங்கியிருக்கலாம் என்றார். இதை இங்கே அலுவலகத்தில் சுவீடன்காரச் சக ஊழியர் ஒருவரிடம் சொன்னேன். சால்வைக் கதையையும் சொன்னேன். அவர் பரிவோடு தலையாட்டி, ஆக டாக்டர் தவறை ஒப்புக்கொண்டு உன் அம்மாவுக்குச் சால்வை கொடுத்தாரா, நல்லது என்றார். நான் திருத்தவில்லை.

நான் கார் மென்பொருளைச் சோதிப்பவள். எது பிழை, எது எதிர்பார்த்த விளைவு என்று பிரிப்பது என் தொழில். சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். ஆபரேஷனில் கெட்டது நடந்துவிட்டதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. இந்த ஆபரேஷனில் நரம்பு அடிபடலாம் என்பது தெரிந்த ஆபத்து. அதை முன்கூட்டியே சொன்னார்களா, தேவையான கவனம் எடுத்தார்களா, குரல் போன பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பதே கேள்வி. எழுத்தில் கேட்டால் சிகிச்சை ஆவணங்களின் நகலைத் தர வேண்டும். மருத்துவக் கவுன்சில் டாக்டர்மேல் நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு வருடக் கெடு, வேறொரு நிபுணரின் கருத்தும் கையில் இருப்பது நல்லது. போலீஸ் புகார் மிக மோசமான அலட்சியத்துக்கு மட்டும். எல்லாம் எனக்கு விளங்கியது. ஆனால் வழக்கு அம்மாவுடையது. அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

வீடியோ அழைப்பில் மாமாதான் அவளுக்கும் சேர்த்துப் பேசினார். “இன்னாம்மா நீ, மரியாத பண்ணிட்டு அதே கையால கேஸ் போட சொல்ற? போத்தின சால்வய புடுங்கினு வர்ற மாதிரி கீது. அந்தாளு இன்னா நெனப்பாரு?”

அம்மா அதற்குத் தலையாட்டினாள். சால்வை போர்த்தினால் உரிமை போய்விடாது என்று நான் போனில் விசாரித்த வக்கீல் சொன்னதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சட்டத்துக்குப் போகாது, நமக்குப் போகும் என்றார் மாமா. கடைசியில் மருத்துவமனையிடம் விளக்கம் மட்டும் எழுதிக் கேட்போம் என்பதற்கு அம்மா சம்மதித்தாள். கேட்பது தப்பில்லை என்பது அவள் கணக்கு. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

பதில் மருத்துவமனையின் வக்கீலிடமிருந்து வந்தது. கூடவே அந்தப் படம். நோயாளி முழுத் திருப்தியுடன் சென்றார் என்பதற்குச் சான்றாம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியாக நான் வீடியோ அழைப்பில் தமிழில் சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு மாமா, நாம வாங்கின சால்வய நம்ம மேலயே போத்திட்டானுங்க என்று முனகினார். ‘வீட்டுக்குச் செல்லும்போது நோயாளி எந்தக் குறையும் கூறவில்லை’ என்ற வரி வந்தது. அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“சொல்றதுக்கு எனக்குக் கொரலு எங்க இருந்துச்சி?” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “போடு. நான் கையெழுத்து போடறேன்.”

எந்தப் பக்கத்தில் போட வேண்டும் என்று மாமாதான் கேட்டார். வேலப்பன்சாவடியிலிருக்கும் வக்கீல் அலுவலகத்துக்கு அவரே ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போனார்.

கெடுவுக்குள் மனு பதிவாகிவிட்டது. மருத்துவமனைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை. நிபுணர் கருத்துக்குக் காத்திருக்கிறோம். ஜெயிப்போமா என்று வக்கீல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பயிற்சியில் மெல்லிய குரல் ஒன்று வந்திருக்கிறது. அம்பத்தூரில் பஸ் ஹாரனுக்கும் பக்கத்து வீட்டு மிக்ஸிக்கும் நடுவே அது அருகிலிருப்பவருக்கே எட்டுவதில்லை. இங்கே யாரும் பேசாத ரயிலில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டால், முழுதாகக் கேட்கிறது.