அழுகிய பயிரின் அழகான படம்

என்னைப் போன்ற முட்டாளிடம் நல்ல போனைக் கொடுக்கவே கூடாது. இதை நானே சொல்லிவிடுகிறேன். அண்ணி சொன்னால் வார்த்தை இன்னும் கனமாக விழும். போன் வாங்கிய புதிதில் கேமராவில் இருந்த மோடு அத்தனையையும் திறந்து வைத்தேன். செடிக்கு நேரே பிடித்தால் மூலையில் ஒரு இலைக்குறி தோன்றும். பயிரைப் போனே கண்டுபிடித்துவிட்டதாம். என்னவோ நானே விதைத்தது போல எனக்குப் பெருமை.

ஐப்பசி மழையில் பாபநாசம் பக்கம் அண்ணனின் சம்பா நடவு முழுக்க மூழ்கியது. தண்ணீர் வடியாமல் வேர் அழுகி, பயிர் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. நிவாரணம் கேட்க, விவசாயி வயலில் நிற்கும் படம் வேண்டுமாம். அண்ணனிடம் இருப்பது பட்டன் போன். தஞ்சாவூரிலிருந்து நான் போனேன்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி, அழுகிய நெற்பயிர்க் குத்து ஒன்றைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தார் அண்ணன்.

“கொஞ்சம் இப்படித் திரும்புண்ணே, மூஞ்சில வெளிச்சம் விழட்டும்.”

“ஆமா, எனக்குப் பொண்ணு பாக்குறியா? சட்டுனு எடுடா, நாத்தம் தாங்கல.”

இலைக்குறி வந்தது. எடுத்தேன். வெயிலில் திரை தெரியவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

படம்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில், அண்ணன் தண்ணீரை வடித்து, அழுகலை மடக்கி உழுது, எங்கெங்கோ அலைந்து நாற்று வாங்கி மறுபடியும் நட்டுவிட்டார்.

பிறகு அண்ணனும் நானும் போன வேளாண்மை அலுவலகத்தில் அதிகாரி என் போனை வாங்கி, வெகுநேரம் பார்த்தார்.

“இதுல பாதிப்பு எங்கங்க? இப்பத்தான் நடவு நடக்குற மாதிரில்ல இருக்கு.”

எட்டிப் பார்த்தேன். பழுப்பையெல்லாம் பச்சையாக்கியிருந்தது போன். வெளிறிய வானம் நீலமாகியிருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கையிலிருந்த அழுகல், நடுவதற்கு எடுத்த நாற்றுமுடி போலச் செழிப்பாக இருந்தது.

“வயலை வந்து பாருங்க சார்,” என்றேன்.

“மறுநடவு ஆயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? வந்தா என்னத்தப் பாக்குறது?”

அவர் கோபப்படக்கூட இல்லை. அண்ணன் எழுந்து, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் செட்டிங்கிற்குள் போய் ஒவ்வொன்றாக அணைத்தேன்.

“எல்லா மோடையும் அணைச்சுட்டேண்ணே. இனிமே உள்ளது உள்ளபடி விழும்.”

“எதை எடுக்கப் போற?” என்றார் அண்ணன்.