பயஸ் இறுக்கிய கிளாம்ப்

மெக்கானிக் பயஸ் வெட்ச், எஞ்சினைப் பார்த்தால் எஞ்சினோடு நிறுத்தமாட்டார். அதைக் கெடுத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். "சூடேறுறதுக்குள்ளயே போட்டு மிதிச்சிருக்க." "ஆயிலை மாத்தச் சொன்னா அளவுக்கம்பியைத் துடைச்சு வெச்சிருக்க." அந்த வாய்க்குப் பயந்தே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அந்தச் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் இயந்திரத்தைக் கழுவிவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அறுபது வயது, கட்டைப் பிரம்மச்சாரி. சூரியகாந்தி விதையை வாயின் ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு மறுபக்கம் தோலைத் துப்பியபடியே பேசுவார். அவர் பூட்டிய நட்டு கழன்றதாக யாரும் சொன்னதில்லை. மனைவி மக்கள் இல்லாத மனுஷனுக்கு அந்தப் பெயர்தான் குடும்பம், குலப்பெருமை எல்லாம்.

ஜூலைக் கடைசியில் வெண்டலின் ஃபிஷர் அவருக்கு ஃபோன் செய்தார்.

"யோவ் பயஸ், அறுப்பு மிஷின் கொசுமருந்து வண்டி மாதிரி புகையைக் கக்குதுய்யா. இன்னும் மூணு வாரத்துல கோதுமையில இறங்கணும்!"

அந்த அறுவடை இயந்திரத்தை ஓட்டுவது வெண்டலின் அல்ல, அவர் மனைவி ரோசாலியா. லாரியில் தானியம் ஏற்றிப் போவதும் அதிகாரம் பண்ணுவதும்தான் வெண்டலின் பங்கு. கல்யாணமான வருஷத்திலிருந்து அறுப்பென்றால் அந்த இருக்கை ரோசாலியாவுடையது. மற்ற மாதமெல்லாம் அடுப்பும் கன்றுக்குட்டியும் என்று குனிந்தே கிடப்பவள், அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்தால் முகமே வேறாகிவிடும். மதியம் இயந்திரத்தை நிறுத்தும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்து மாட்டுவதும் அவள்தான்.

பயஸ் போய் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். நீலப் புகை. சூடேறிய பிறகும் நிற்கவில்லை. ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று மேலே தள்ளியது. ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தார். ஒன்றில் மட்டும் அழுத்தம் விழுந்திருந்தால் ரிங் உடைந்துவிட்டது எனலாம். ஆறும் ஒரேமாதிரி தேய்ந்து கிடந்தன. அப்படித் தேய்க்க மண்ணால்தான் முடியும். ஃபில்டரைக் கழற்றி உள்ளே விளக்கை வைத்துப் பார்த்தார். ஊசித் துளைகூட இல்லை. அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தார். நறநறவென்று புழுதி ஒட்டிக்கொண்டு வந்தது.

பிறகு அந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரும்புப் பட்டையை, அந்தக் கிளாம்பை, தொட்டார். அது பிடிப்பே இல்லாமல் வளையல் மாதிரி சுற்றியது.

போன வருஷம் அறுப்புக்கு முன் அந்தக் குழாயைக் கழற்றி, எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவை மாற்றியவர் பயஸ். திருப்பி மாட்டியவரும் அவரே. அதற்குப் பிறகு அங்கே யாரும் கை வைக்கவில்லை. ஒரு அறுப்பு முழுக்க அந்தச் சந்து வழியாக எஞ்சின் புழுதியைக் குடித்திருக்கிறது.

அவர் கை திருப்புளியை எடுத்தது, கிளாம்பை இறுக்கியது. பழக்கதோஷம் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதல் சுற்று வேண்டுமானால் பழக்கமாக இருக்கலாம். மற்ற சுற்றுகள் அப்படியில்லை என்று அவருக்கே தெரியும்.

"என்னய்யா, ஏதாவது தெரிஞ்சுதா?" ஏணிக்குக் கீழே வெண்டலின், பக்கத்தில் ரோசாலியா.

"மண்ணு போயிருக்கு," என்றார் பயஸ். "ஃபில்டரைத் தாண்டி."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வெண்டலின் மனைவி பக்கம் திரும்பினார்.

"சொன்னேனா இல்லையா? காத்தை வெச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதாத, ஃபில்டர் காகிதம் கிழியும்னு சொன்னேனா இல்லையா? ஒரு எஞ்சினையே தின்னுட்டியேடி!"

"கிழியலைங்க. நான் பாத்துத்தான்..."

"அப்போ பயஸ் பொய் சொல்றாரா? இனிமே இதுல ஏறிப் பாரு, தெரியும் சேதி. டெல்மரை வரச் சொல்றேன், அவன் ஓட்டட்டும்." டெல்மர் அவர் தங்கை புருஷன்.

யார் கெடுத்தது என்று முதல் ஆளாகச் சொல்லும் பயஸ், அன்று விதைத் தோலைத் துப்பக்கூட வாயைத் திறக்கவில்லை. ரோசாலியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எஞ்சினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டார். அத்தனை நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் கேட்காத குழாய்களையும் மாற்றினார், இருக்கையில் இருந்த கிழிசலைத் தைத்தார், கூலி வாங்க மாட்டேன் என்றார். "தங்கமான மனுஷன்யா" என்று வெண்டலின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காதில் விழுந்தபோதெல்லாம் பயஸுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

எஞ்சினைத் திருப்பி ஏற்றி முடித்த காலையில் ரோசாலியா அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, காப்பியும் பாலாடை ஊற்றிச் சுட்ட கூகன் கேக்கும் வைத்தாள். பயஸ் காப்பியைத் தள்ளி வைத்தார்.

"ரோசாலியா, அந்தக் கிளாம்பு..."

"லூசா இருந்துச்சு. தெரியும்ணே." அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "நீங்க வர்றதுக்கு முந்தின நாளே பாத்தேன். கை வைக்கல. நான் சொன்னா அவரு சாக்குச் சொல்றேம்பாரு. நீங்களே வந்து பாத்துச் சொல்லுவீங்கன்னு அப்படியே விட்டுவெச்சேன்."

"அப்போ நான் இறுக்கினதை..."

"கீழேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதற்குள் வெண்டலின் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். பயஸ் எழுந்து நின்றார்.

"வெண்டலின், ஃபில்டர் கிழியவே இல்ல. போன வருஷம் கிளாம்பை இறுக்காம விட்டது நான்தான். அன்னிக்கே தெரியும், வாயைத் திறக்கல. உன் சம்சாரம் மேல ஒரு தப்பும் கிடையாது."

வெண்டலின் தொப்பியை மேஜையில் வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, நீயா! உனக்கும் வயசாகுதுல்ல? விடுய்யா, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். உக்காரு, உக்காரு." கூகனில் பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் போட்டார்.

அவ்வளவுதான். ஒரு சிரிப்பில் பயஸின் கணக்கு தீர்ந்துவிட்டது. மனைவி பக்கம் வெண்டலின் திரும்பக்கூட இல்லை.

"அப்போ நாளைக்கு மிஷின்ல யாரு?" என்று கேட்டாள் ரோசாலியா.

"டெல்மர்தான். ஆசையா லீவு போட்டுட்டு வர்றான். இப்போ போய் வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீ அடுத்த வருஷம் ஓட்டிக்கோ, ஓடியா போயிடும்?"

"இல்லய்யா, ரோசாலியாதான் ஓட்டணும்," என்றார் பயஸ்.

"எங்க வீட்டு விஷயம் உனக்கெதுக்குய்யா? சாப்பிடு."

ரோசாலியா நாளைக்கு அறுப்பு ஆட்களுக்கு ஆக்க வேண்டிய உருளைக்கிழங்கை வாளியோடு இழுத்து வைத்து, குனிந்து தோல் சீவத் தொடங்கினாள். வெண்டலின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பயஸ் உட்கார்ந்து, வெண்டலின் வெட்டிப் போட்ட கூகனை முழுதும் தின்று முடித்தார்.