துருக்கிப் படத்துக்கு மாமா சொன்ன கதை

மூவார் நகரத்துக் கொட்டகைக்குத் துருக்கிப் படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துருக்கி என்றால் குதிரை, வாள், கோட்டை மதிலிலிருந்து குதிக்கிற வீரன் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. அந்தக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர் என் மாமா. பேசும் படம் வந்த பிறகும், வெளிநாட்டுப் படமென்றால் அவர் இல்லாமல் ஆகாது. திரையில் ஒருவன் வாயசைத்தால், அவன் சொன்னதை மாமா தமிழில் உரக்கச் சொல்வார்.

ஆனால் எங்கள் வீட்டில் அப்போது மாமாவின் பேச்சையே எடுக்கக்கூடாது. அவருடைய அக்காள், அவர் பெண்டாட்டியான என் அத்தையைக் கண்டபடி ஏசியபோது, ஊருக்கெல்லாம் பேசுகிற மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தங்காக் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். "அவரு வாயத் தொறந்து கூப்புடட்டும், தங்கச்சிய அனுப்புறேன்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மாமா வந்தார், காப்பி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், போய்விட்டார்.

நான் நச்சரித்த நச்சரிப்பில், ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு எல்லோரும் தோட்டத்து லாரியில் கிளம்பினோம். வரவே மாட்டேன் என்ற அத்தை, கடைசியில் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

படத்தில் குதிரை வரவேயில்லை. ஒரு வீடு, ஒரு மேசை, சுற்றிலும் ஒரு குடும்பம். பேசினார்கள், தேநீர் குடித்தார்கள், மறுபடியும் பேசினார்கள். ஆண்கள் பக்கம் குறட்டை கேட்டது. "அலமாக், சண்டை எப்பலா வரும்?" என்று யாரோ மலாய் கலந்து சலிப்போடு கத்தினார்.

அப்போது திரையில் ஒரு மீசைக்காரன் தலைகுனிந்து ஏதோ முணுமுணுத்தான். மாமா குரலை உயர்த்தினார்.

"எங்கக்கா உன்னை ஏசுனப்ப நான் வாயத் தொறக்கல. தப்புதான். எல்லாரு முன்னாடியும் சொல்றேன், தப்புதான்."

கொட்டகை விழித்துக்கொண்டது. "அவன்கூடப் போயிடாதம்மா, மறுபடியும் இப்படித்தான் நிப்பான்!" என்று பெண்கள் பக்கம் ஒருத்தி கத்தினாள். "ஆம்பள இவ்வளவு எறங்கி வந்துட்டான், போம்மா!" என்று ஆண்கள் பக்கமிருந்து பதில் பறந்தது. திரையில் இருந்தவள் இதையெல்லாம் சட்டைசெய்யாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. பெஞ்சின் மேல் ஏறி நின்று, "போ, போ!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

என் பக்கத்திலிருந்த அத்தை எழுந்து நின்றாள். "அவன் அக்கா மறுபடியும் ஏசுனா என்ன செய்வானாம்? கேட்டுச் சொல்லுங்க!"

மீசைக்காரன் அந்நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் பதில் வந்தது. "குறுக்க நின்னு கேப்பானாம்" என்றார் மாமா. திரையை விட்டு எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வரச் சொல்றான்."

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு அபிப்பிராயம். சரியான இழுவை என்றார்கள் சிலர். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, இந்த மாதிரி ஒரு படத்தை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றாள். "படம் இழுவதான். ஆனா ஆளு வாயத் தொறந்துட்டான்ல" என்றார் அப்பா.

மாமாவுக்குத் துருக்கி மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது என்பது எத்தனையோ வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்று லாரி புறப்பட்டபோது அத்தை ஏறவில்லை. கொட்டகை வாசலில் மாமாவின் பக்கத்தில் நின்று கையசைத்தாள். அடுத்த ஆட்டமும் பார்ப்பதற்காகத்தான் அவள் நின்றுவிட்டாள், என்னை மட்டும் விட்டுவிட்டாள் என்று தங்காக் வரும்வரை ஓவென்று அழுதேன். அழுதால் முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.