மீனுக்குக் கம்மல் செய்தவர்

வார விடுமுறை நாளில் வீட்டுத் துணி முழுவதையும் சைமன்ராஜ் அண்ணன்தான் துவைப்பார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. விரல் மடிப்பில் ஏறிய நிலக்கரித் தூள் லேசில் போகாது. சோப்பு நுரையில் இரண்டு மணி நேரம் ஊறினால்தான் கை வெளுக்கும். வெளுத்த பிறகே மஞ்சள் பட்டு நூலைத் தொடுவார்.

நூல், சால்மன் மீன் தூண்டிலுக்கு. குளிர்நாட்டு ஆறுகளில் இருக்கும் மீன் அது. அதைப் பிடிக்க அந்தக் காலத்தில் முள்ளின் மேல் பட்டும் ஜரிகையும் பலநிற இறகும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுவார்களாம். இப்போது அழகுக்காகவே கட்டிச் சட்டத்தில் மாட்டுகிறார்கள். மகள் சோபியாவின் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து அண்ணனுக்கு அதே பித்து.

"மீனே இல்லாத ஊர்ல குந்திக்கினு மீனுக்குக் கம்மல் செய்யிறாரு," என்பார் அவர் மனைவி சவரியம்மாள் அக்கா. "செய்யட்டும், எனக்குத் தொவைக்கிற வேலை மிச்சம்."

2016-இல், அண்ணன் கட்டியவற்றின் படத்தை இணையத்தில் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கண்காட்சிக்கு ஒன்று அனுப்பச் சொன்னார். ஆங்கிலக் கடிதமெல்லாம் என் பொறுப்பு. என் ஊர் காடாம்புலியூர், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். கான்ட்ராக்ட்டில் கம்ப்யூட்டர் வேலை, அண்ணன் வீட்டுக் குவார்ட்டர்ஸ் பின்னறையில் வாடகைக்கு வாசம்.

அண்ணனுக்கு அதற்குள் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. நான்கு மாதம் தடவித் தடவிக் கட்டினார்.

"இதான் கடைசி, தம்பி. இது போய்ச் சேந்துட்டாப் போதும்."

அந்தத் தூண்டிலின் பக்கவாட்டில் காட்டுச் சேவலின் கழுத்து இறகு வைப்பது மரபு. அது நம் காட்டுப் பறவை, இறகை வைத்திருப்பதே குற்றம். அண்ணன் நாட்டுக்கோழி இறகில் சோபியாவின் நகப்பூச்சால் புள்ளி வைத்தார். அச்சு அசல்.

பார்சலில் ஒட்டும் சுங்கப் படிவத்தில் 'மீன் தூண்டில், ஒன்று' என்று எழுதியிருந்தால் போதும். எனக்குப் போதவில்லை. இணையத்தில் இருந்த செய்முறையில் கண்ட பதினோரு பொருளையும் பிழையில்லாத ஆங்கிலத்தில் வரிசையாக எழுதினேன். அண்ணன் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முத்து முத்தா இருக்குது. படிச்சவன் படிச்சவன்தான்."

மூன்று வாரத்தில் சுங்கத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. தடை செய்யப்பட்ட பறவையின் இறகு என்று பார்சலைப் பறிமுதல் செய்து அழித்துவிட்டார்களாம். நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"நாம கோழி எறகுதானே வெச்சோம்?"

"ஆமாண்ணே."

"அப்பறம் காட்டுச் சேவல்னு யாரு அவங்களுக்குச் சொன்னது?"

"நாந்தாண்ணே. செய்முறையில இருந்தத அப்படியே எழுதிட்டேன்."

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பத்தாங்கிளாசோட நின்னுருந்தா மீன் தூண்டில்னு மட்டும் எழுதியிருப்பான்."

"இன்னொண்ணு கட்டலாம்ணே," என்றேன்.

அண்ணன் ஒரு வெறும் முள்ளை எடுத்து, மேசையில் திருகியிருந்த சிறு பிடிப்பானில் செருகப் பார்த்தார். இரண்டு முறை முள் விலகிப் பக்கத்தில் போனது. மூன்றாம் முறை அவர் முயலவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா துவைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், விரல் மடிப்பில் கரியோடு.