ஆறு பெயர்களின் இடாப்பு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸுஹறா அந்த இரும்பு அலுமாரியைத் திறந்து ஆறு ஹானஸ்களையும் வெளியே எடுத்து மேசையில் பரப்புவாள். உயரத்தில் ஏறுகிறவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார்கள் அவை. தையல் விட்டிருக்கிறதா, கொக்கி சரியாகப் பூட்டுகிறதா, வாரில் கீறல் ஏதும் உண்டா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். பிறகு ஒவ்வொன்றிலும் தொங்கும் அட்டையில் திகதி போட்டுக் கையெழுத்து வைப்பாள். நாலு வருடத்தில் பதினாறு தடவை பார்த்துவிட்டாள். ஒரு நூல்கூடப் பிரிந்ததில்லை. பிரிவதற்கு அவற்றை யாரும் போட்டால்தானே.

தலைமன்னார் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் பக்கமாக அரைக் கட்டை தூரம் மணலில் நடந்தால் அந்தப் பயிற்சி நிலையம். முன்னால் ஒரு பலகை, அதில் மூன்று சின்னங்கள். காணியும் கட்டடமும் அமைச்சு தந்தது. பதினெட்டு மீற்றர் உயர இரும்புக் கோபுரத்தையும் அலுமாரி நிறையக் கருவிகளையும் காற்றாலைக் கம்பனி தந்தது. பொறியியல் மாணவர்களை அனுப்புவது பல்கலைக்கழகத்தின் பங்கு. கொப்பியில் படித்ததைப் பிள்ளைகள் கையால் செய்து பழகவேண்டும், அப்போதுதான் படித்து முடித்தவுடன் வேலைக்குத் தயாராக இருப்பார்கள் என்று திறப்பு விழாவில் மூன்று தரப்பும் பேசின. நாடா வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவர மூன்று தரப்பும் மறந்துபோயின. ஸுஹறாதான் வீட்டுக்கு ஓடி, தான் சட்டை தைக்கிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

அன்றைக்கு வந்த சனத்தை நினைத்தால் இப்போது வேறு ஊர்க் கதைபோல இருக்கும். மற்ற நாட்களில் நிலையத்துக்கு ஒழுங்காக வருவது கோபுர நிழல் தேடி வரும் இரண்டு கழுதைகள்தான்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பதின்மூன்று வயதில், முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு மன்னார்த் தீவை விட்டுப் புத்தளம் போனவள், முப்பத்துநாலில் திரும்பி வந்தாள். கணவன் பவ்ஸான் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறான். இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் ஒரு மாதம் வருவான். ஒரே மகள் அப்ரா கல்யாணம் முடித்துக் கற்பிட்டிக்குப் போய்விட்டாள். வீட்டில் மூன்று அறை இருந்தன. அவள் படுப்பது ஒன்றில். மற்ற இரண்டையும் வெள்ளிக்கிழமைகளில் கூட்டிவிட்டுப் பூட்டிவிடுவாள். காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நிலையத்துக்கு வருமுன் அவள் மீனவர் சங்கத்தில் வரவுப் பதிவேடான இடாப்பு எழுதினாள். அங்கே ஒரு பழக்கம். தோணி கடலுக்குப் போகாத நாளிலும் அதன் பெயரை எழுதி, நேரே காரணத்தையும் எழுதவேண்டும்: சோளகக் காற்று, இயந்திரக் கோளாறு, சொந்தத்தில் மரணம். எந்த நாளையும் வெறுமையாக விடக்கூடாது. அந்தக் கையோடுதான் அவள் இங்கு வந்தாள். அரையாண்டுக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு பெயர்கள் வரும். தினமும் அந்த ஆறையும் எழுதுவாள். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘வரவில்லை’ என்று எழுதுவாள். கடைசி நிரலில் காரணமும் எழுதுவாள்.

காரணம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், பிள்ளைகள் நிலையத்து ரெலிபோனுக்குத்தான் எடுப்பார்கள். மாத்தறைப் பிள்ளை சிங்களத்தில் கேட்கும், திருகோணமலைப் பிள்ளை தமிழில் கேட்கும். கேள்வி ஒன்றுதான்.

“அன்ரி, அங்க தங்கிறதுக்கு இடம் இருக்கோ?”

ஒப்பந்தத்தில் தங்குமிடத்துக்கு ஒரு வரி இருந்தது: உரிய தரப்பினர் ஒழுங்கு செய்வர். மூன்று தரப்பில் உரிய தரப்பு எது என்று யாரும் கேட்கவில்லை. தன் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, பெண் பிள்ளைகளை வைத்துக்கொள்கிறேன் என்று ஸுஹறா கடிதம் எழுதினாள். பல்கலைக்கழகம் அதை அமைச்சுக்கு அனுப்பியது. அமைச்சு கம்பனியிடம் கருத்துக் கேட்டது. எட்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற முத்திரையோடு நிலையப் பொறுப்பாளருக்கு வந்துசேர்ந்தது. நிலையப் பொறுப்பாளர் அவள்தான்.

வந்து நின்று படித்தது ஒரே ஒரு பிள்ளை, கிருசாந்தினி. வீடு அதே மாவட்டத்து வெள்ளாங்குளம் என்பதால் அவளுக்குத் தங்க இடம் தேவைப்படவில்லை. விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி ஒன்பதரைக்கு வந்து சேர்வாள். இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவாள். கற்பிக்க வரவேண்டிய கம்பனிப் பொறியியலாளர் ஒரு நாள் வந்தார். அன்றைக்கும் ரெலிபோனில்தான் நின்றார். மற்ற நாட்களில் கிருசாந்தினி தனியே கோபுரத்தின் கீழ்த்தட்டுத் திருகாணிகளை இறுக்குவாள், தளர்த்துவாள், மறுபடி இறுக்குவாள். மத்தியானம் இருவரும் கொண்டுவந்த சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள். பத்தொன்பதாம் நாள் கிருசாந்தினி சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அன்ரி, நான் நாளையில இருந்து வரேல்ல. மேல ஏறுறதெண்டால் பயிற்சி எடுத்த இன்னொராள் கீழ நிக்கோணுமாம். கேட்டுப் பாத்திட்டன், நீங்கள் கணக்கில வரமாட்டீங்களாம்.”

“நான் இவ்வளவு நாளும் நிண்டுகொண்டுதானே இருக்கிறன்.”

“அதுதான் நானும் சொன்னனான்.”

ஸுஹறா இடாப்பில் எழுதினாள்: கீழே நிற்க ஆள் இல்லை.

ஒப்பந்தம் முடிய இருந்தது. புதுப்பிப்பதா இல்லையா என்று பார்க்க மூன்று தரப்பும் வருவதற்குப் பத்து நாள் முன்னதாக, கம்பனியின் இணைப்பு அலுவலர் நிதர்சன் மோட்டார் சைக்கிளில் வந்தான். முப்பது வயது, நல்ல பொடியன், வீட்டில் கைக்குழந்தை. ஒரு புது இடாப்பை மேசையில் வைத்தான்.

“அக்கா, பழசை உள்ள வையுங்கோ. இதில வருசத்துக்கு நூற்றிருபது நாள் பிள்ளையள் வந்த மாதிரி எழுதித் தாங்கோ.”

“கையெழுத்து ஆர் வைக்கிறது?”

“நீங்கள்தான். ஒருக்கால் சரிச்சு, ஒருக்கால் நிமித்தி.”

“ஆறு பேருக்கும் நான் ஒராளோ? சங்கத்தில ஒரு தோணிக்கு ரெண்டு பேர் உரிமை கேட்டதைப் பாத்திருக்கிறன். இது புதுசாக் கிடக்குது.”

அவன் சிரிக்கவில்லை. “பகிடியில்லை அக்கா. புதுப்பிக்காட்டி இதைப் பூட்டிப்போடுவினம். உங்கட வேலையும் இல்லை, என்ர வேலையும் இல்லை. யோசியுங்கோ.”

அவள் யோசித்தாள். ளுஹர் தொழுதுவிட்டு வந்து, புது இடாப்பை விரித்து முதல் பக்கத்தை எழுதினாள். ஐந்து பெயர்களுக்குக் கையெழுத்து வைப்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவர்களின் கையெழுத்தை அவள் கண்டதே இல்லை. ஆறாவது கிருசாந்தினி. அந்தக் கையெழுத்து எப்படி வளையும், எங்கே ஒரு புள்ளி வரும் என்று அவளுக்குத் தெரியும். பேனையை வைத்துவிட்டாள்.

அன்று பவ்ஸான் கட்டாரிலிருந்து ரெலிபோன் எடுத்தபோது இதைச் சொன்னாள்.

“எழுதிக் குடுத்திட்டுப் பேசாம இரன்,” என்றான் அவன். “உனக்கு என்ன நட்டம்?”

“எழுதினால் ஆளில்லாத இடம் இன்னும் நாலு வருசத்துக்கு ஆளில்லாமலே கிடக்கும்.”

“எழுதாட்டி?”

“பூட்டுவினம்.”

“அப்ப நீ என்ன செய்வாய்?”

அதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

வந்த வாகனங்கள் மூன்று. மணலில் புதையாமல் வீதியோரமே நிறுத்திவிட்டு நடந்துவந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை, அமைச்சிலிருந்து ஓர் உதவிச் செயலாளர், கம்பனியிலிருந்து ஒரு முகாமையாளர், பின்னால் நிதர்சன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பெயின்ற்கூட உரசுப்படவில்லை என்று முகாமையாளர் பெருமையாகச் சொன்னார். பேராசிரியை கதிரையில் உட்கார்ந்து வரவு இடாப்பைக் கேட்டார்.

நிதர்சன் ஸுஹறாவைப் பார்த்தான். அவள் அலுமாரியைத் திறந்து பழையதை எடுத்து வைத்தாள். புதியதை அவன் கையில் கொடுத்தாள். அதில் எழுதிய ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

பேராசிரியை முதலில் வேகமாகப் புரட்டினார். பிறகு மெதுவாக. பிறகு திரும்ப முதலிலிருந்து.

“இது என்ன, கடைசி நிரலில? இடம் இல்லை, இடம் இல்லை, இடம் இல்லை...”

“தங்கிறதுக்கு இடம் இல்லை, மேடம்.”

“இதை ஆர் உங்களை எழுதச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. சங்கத்தில அப்பிடித்தான் எழுதுறனாங்கள். தோணி போகாட்டி, ஏன் போகேல்ல எண்டு எழுதோணும்.”

உதவிச் செயலாளர் சிரித்தார். “இஞ்ச எங்கயம்மா தோணி?”

“அதுதான் சேர் பிழையாப் போச்சோ தெரியாது,” என்றாள் ஸுஹறா. “எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியாது.”

பேராசிரியை சிரிக்கவில்லை. “எங்களுக்கு நீங்கள் அனுப்பின அறிக்கையில அறுபது வீத வரவு எண்டு கிடக்குது,” என்று முகாமையாளரைக் கேட்டார். முகாமையாளர், விடுதி அமைச்சின் பொறுப்பு என்றார். அமைச்சு, மாணவர் நலன் பல்கலைக்கழகத்துக்குரியது என்றது. பேராசிரியைக்கும் முகம் சிவந்தது. அந்த எட்டு மாதக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. ஸுஹறா ஊற்றி வைத்த பிளேன்ரீ ஆறிப்போனது. கடைசியில் பேராசிரியை போனை எடுத்து, இடாப்பின் எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். அதற்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஸுஹறா பக்கம் பறக்காமல் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடாப்பை இன்னொருவர் வாசித்தது அதுதான் முதல் தடவை.

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தது, ஆனால் நிலையம் இனிப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், வேறு மாவட்டத்தில். நிபந்தனை ஒன்று: பன்னிரண்டு கட்டில்களோடு விடுதி. நிபந்தனை இரண்டு: கிழமையில் இரண்டு நாள் கம்பனிப் பொறியியலாளர் நேரில் வந்து கற்பிக்கவேண்டும். நிபந்தனை மூன்று: மாணவர் வராத நாளில் காரணம் எழுதப்படவேண்டும். அதை அவள் இரண்டு தடவை வாசித்தாள். இணைத்திருந்த மற்றத் தாளில், மன்னார் நிலையத்தின் பொருட்களைப் பட்டியலிட்டு, பூட்டின் திறப்பை ஒப்படைக்கும்படி இருந்தது.

நிதர்சன் ரெலிபோன் எடுத்தான். “அக்கா, என்னை அங்க போகச் சொல்லியிருக்கினம். கிருசாந்தினிக்கும் விடுதியில ஒரு கட்டில் கிடைச்சிருக்குது. உங்களைப் பற்றியும் கேட்டனான். வந்தால் பாப்பம் எண்டவை, ஆனா...”

“விடுதி பிள்ளையளுக்குத்தானே தம்பி. நான் எங்க தங்கிறது?”

“ஹானஸ் ஆறும் செய்து ஐஞ்சு வருசம் முடிஞ்சுது அக்கா. தவறியும் ஆரும் போடக்கூடாது. வெட்டிப்போட்டுப் பட்டியலில எழுதுங்கோ,” என்றான்.

கடைசி நாள் வீட்டிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள். வார் தடிப்பம், இலேசில் அறுபடவில்லை. ஐந்தை வெட்டி முடிக்கக் கை நொந்துவிட்டது. ஆறாவதைக் கையில் எடுத்தவள் வெளியே போய், அபாயாவுக்கு மேலாலேயே அதை மாட்டினாள். எந்த வார் எங்கே போகும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். போட்டது மட்டும் இதுதான் முதல் தடவை. கோபுரத்து ஏணியின் மூன்றாம் படியில் ஏறி நின்று, மேல்படியில் கொக்கியைப் பூட்டிவிட்டு, கையை விட்டுப் பின்னால் சாய்ந்தாள்.

தாங்கியது. சோளகம் அபாயாவின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. நிழலில் படுத்திருந்த கழுதை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டது.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இறங்கிக் கழற்றி, அதையும் வெட்டினாள். இடாப்பைத் திறந்து அன்றைய திகதியைப் போட்டாள். அந்த அரையாண்டுக்குப் பெயர்கள் எதுவும் வந்திருக்கவில்லை. எந்த நாளையும் வெறுமையாக விடக்கூடாதல்லவா. தன் பெயரை எழுதி, நேரே ‘வந்தார்’ என்று எழுதிவிட்டு, கதவைப் பூட்டி, ஒப்படைக்கவேண்டிய திறப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.